வாயாடிப் பூக்களை வெட்டிய நாள்

கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருந்த நீலப் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பரலை இன்று காலையில் நிமிர்த்தினேன். உள்ளே இருந்து ஒரு வாடை வந்தது. பூவின் வாசனை இல்லை. பூத்தண்டுகள் ஊறிக் கிடந்த தண்ணீரின் வாடை. முட்டைக்கோவா இலை அழுகினால் வருமே, அதைப்போல. தண்ணீரை ஊற்றி எத்தனையோ நாளாகிவிட்டது. பரலை இரண்டு தரம் வெயிலில் காயவும் வைத்தேன். ஆனாலும் பிளாஸ்டிக்குக்குள் அது இறங்கிவிட்டிருக்கிறது. "தண்ணிய தெனமும் மாத்தாட்டி நாறுங்க்கா" என்று சொல்லிச் சொல்லி நீயே மாற்றுவாய். நான் பக்கத்தில் நிற்பேன்.

சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. பாத்தியில் ஒரு செடியும் இல்லை. நீ போய் இரண்டரை மாதம். அழுகை வந்ததும் உனக்கு எழுதலாம் என்று இருந்தேன். அது வருகிற மாதிரித் தெரியவில்லை. அதனால் வராமலே எழுதுகிறேன்.

நாங்கள் கண்டுகொண்டது, சண்டை முடிந்து எங்களை வைத்திருந்த முகாமில். என் கூடாரத்துக்கும் உன் கூடாரத்துக்கும் நடுவே உடுப்புக் காயப்போடுகிற கயிறு ஒன்றுதான் இருந்தது. நான் என் மனுசனையும் மகனையும் முள்ளிவாய்க்கால் கரையில் விட்டுவிட்டுத் தனியே வந்து சேர்ந்திருந்தேன். நீ உன் மனுசனை அதற்கு முன்பே இழந்து, பத்து வயது மகளோடு வந்திருந்தாய். நான் ஒருவரோடும் கதைப்பதில்லை. சாப்பாட்டு வரிசைக்கும் போவதில்லை. நீதான் என் கோப்பையையும் எடுத்துக்கொண்டு போய் நின்று வாங்கி வருவாய். வந்து பக்கத்தில் இருந்து கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டாய். நான் பதில் சொல்லவில்லை என்று ஒரு நாளும் குறைப்பட்டதில்லை.

"நீங்க பேச வேணாங்க்கா. நான் பேசுறேன். நீங்க கேட்டாப் போதும்."

உங்கள் சனத்தைப் பற்றி எங்கள் வீட்டில் எப்படிக் கதைப்பார்கள் என்பதை நான் உனக்குச் சொன்னதில்லை. உனக்குத் தெரிந்துதான் இருக்கும். என் தகப்பன் குடாநாட்டில் இருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் வயல் எடுத்தவர். தமிழரை அடித்த கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு வந்த உங்கள் ஆட்கள் எங்கள் வயலில் கூலிக்கு நின்றார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்க எங்கள் குசினிக்கு வெளியே இரண்டு தகரப் பேணிகள் தனியாகத் தொங்கும். அவற்றைக் கழுவித் தொங்கவிடுவது என் வேலை. முகாமில் நீ குடித்த கோப்பையிலேயே மிச்சத் தேத்தண்ணீரை எனக்குத் தந்தாய். குடித்தேன். திருந்திவிட்டேன் என்று சொல்லமாட்டேன். எதையும் யோசிக்கிற நிலையில் அப்போது நான் இல்லை.

திரும்பக் குடியேறியபோது எனக்கு என் தகப்பனின் காணியிலேயே வீடு கட்டித் தந்தார்கள். உனக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். உன் மகள் கலியாணம் முடித்து வவுனியாவுக்குப் போன பிறகு நாங்கள் இரண்டு உலை வைப்பதை நிறுத்தினோம். மத்தியானம் உன் குசினி, இரவு என் குசினி.

பூச்செடிக் கதை தொடங்கியதும் அந்த வருடம்தான். மலைநாட்டில் அட்டன் பக்கம் ஒரு செத்தவீட்டுக்குப் போய் வந்த நீ, சேலைத் தலைப்பில் முடிந்து வந்த கடதாசிச் சுருளை என் முன்னால் விரித்தாய். மிளகுத்தூள் போலக் கொஞ்சம் இருந்தது. நான் கேட்கவில்லை, நீயே சொன்னாய். உன் அம்மா தோட்டத்துத் துரை பங்களாவில் பூந்தோட்ட வேலைக்கு நின்றவர். எட்டு வயது வரை நீ அவர் பின்னால் அந்தப் பாத்திகளுக்குள் திரிந்தவள். இன்னும் அங்கே வேலை செய்கிற சொந்தக்காரர் ஒருவர் தந்த விதை அது. துரைமார் அதை ஸ்னப்டிராகன் என்பார்களாம். உன் அம்மா வைத்த பெயர் வாயாடிப் பூ. பூவின் இரண்டு கன்னத்தையும் அமுக்கினால் வாயைத் திறக்கும், விட்டால் மூடும்.

குளிர்தேசத்துச் செடி வன்னியில் வராது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் வருடம் பொங்கல் கழித்துப் போட்டாய். மாசி வெயிலில் நாற்று வெந்துபோனது. அடுத்த வருடம் புரட்டாதியிலேயே போட்டு, மழை அடித்துப் போகாமல் மேலே மண் தூவினாய், ஒன்றும் முளைக்கவில்லை. மூன்று நாள் நீ பேசாமல் இருந்தாய். உன்னை அப்படி நான் கண்டது அந்த ஒரு முறைதான். நாலாம் நாள் சோற்றில் கை வைத்தபடி, "மூடக்கூடாதுக்கா" என்றாய். உன் அம்மா விதையைத் தூவிவிட்டு மண் போடாமல் நகர்ந்ததும், நீ ஓடிப்போய் மண் அள்ளிப் போட்டதும், அவர் உன் கையில் ஒரு தட்டுத் தட்டியதும் உனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்ததாம். அந்த விதை வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும்.

மூன்றாம் வருடம் மழை அடிக்காமல் பொலித்தீனில் ஒரு சின்னப் பந்தல் போட்டாய். தட்டுகளில் மணலும் சாணத்தூளும் கலந்து, மேலே தூவி, உள்ளங்கையால் அமுக்கி மட்டும் விட்டாய். தண்ணீரை மேலே ஊற்றாமல் தட்டின் அடியில் இருந்து ஊறவிட்டாய். பத்தாம் நாள் மணலின் மேல் பாசி பிடித்தது போலத் தெரிந்தது. அதுதான் நாற்று.

அது விரலளவு வளர்ந்ததும் நீ ஒவ்வொன்றாக நுனியைக் கிள்ளத் தொடங்கினாய். எனக்குப் பொறுக்கவில்லை. "வளருறதை ஏன் கிள்ளுறாய்?" என்று கேட்டேன். நீ வேலையை விட்டுவிட்டுத் திரும்பி என்னையே பார்த்தாய். முகாமை விட்டு வந்து அத்தனை வருடத்தில் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது என்று பிறகு ஒரு நாள் சொன்னாய்.

"ஒண்ணக் கிள்ளினா நாலு வருங்க்கா" என்று மட்டும் அப்போது சொன்னாய்.

தை பிறக்கப் பூத்தது. மிஞ்சிய நாற்றுகளை என்னைக் கேளாமலே என் படலையில் இருந்து வாசற்படி வரை இரண்டு பக்கமும் நட்டிருந்தாய். உயரமானவை பின்னால், குட்டையானவை முன்னால். மஞ்சள், வெள்ளை, றோஸ், கத்தரிப்பூ நிறம். ரோட்டால் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். சாமிக்கு வைக்கலாமோ என்று கேட்டார்கள். மணம் இல்லையே என்று குறை சொன்னார்கள். நீ ஒரு பூவைப் பிடுங்கி என் முகத்துக்கு நேரே பிடித்து அதன் வாயைத் திறந்து மூடி, "அக்கா ஏன் பேச மாட்டேங்குறாங்க?" என்று பூவின் குரலில் கேட்டாய். நான் சிரித்தேன் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாய். எனக்கு நினைவில்லை. ஆனால் நீ பொய் சொல்கிறவள் அல்ல.

கிளிநொச்சியில் மண்டபம் சோடிக்கிற கடைக்காரர் முதலில் வேண்டாம் என்றார். பிளாஸ்டிக் பூ போதும், கழுவிக் கழுவிப் பாவிக்கலாம் என்றார். நீ சண்டை பிடிக்கவில்லை. ஒரு போத்தலில் தண்ணீர் விட்டு ஏழெட்டுத் தண்டை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தாய். ஒரு கிழமை கழித்து அவரே போன் எடுத்தார், பூ இன்னும் நிற்கிறது என்று. அதன் பிறகு மாரிக்கு மாரி வெட்டினோம். அடியில் மூன்றில் ஒரு பங்கு விரிந்து மேலே மொட்டாக இருக்கும்போது வெட்ட வேண்டும். வெட்டியதை ஒருபோதும் படுக்கப் போடக்கூடாது. படுத்தால் நுனி மேலே வளைந்துவிடும், பிறகு நிமிராது. இதெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். மலர்வளையத்துக்குக் கேட்டவர்களுக்கு மட்டும் நீ கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால், தண்டு வளைக்க வராது என்பாய்.

வாடிய தண்டுகளில் ஒன்றையும் செடியில் விடமாட்டாய். காய் பிடித்தால் செடி களைத்துப்போகும் என்று அன்றன்றே வெட்டி எறிவாய். விதைக்கென்று விட்ட நாலைந்து செடிகள் உன் வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் நின்றன. அங்கே பாம்பு திரிகிறது என்று என்னை ஒரு நாளும் விட்டதில்லை.

போன மார்கழியில் பூநகரியில் இருந்து ஒரு பெண் வந்தாள். முன்பள்ளி ஆசிரியை. தைக் கடைசியில் அவளுக்குக் கலியாணம். யாரோ கொண்டுபோன பூவைப் போனில் படத்தில் பார்த்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அவளுடைய தாயும் தகப்பனும் சண்டையில் செத்தவர்கள். ஒரு சித்தியோடு வளர்ந்தவள். மணவறையில் பிளாஸ்டிக் பூ வேண்டாம், உயிருள்ள பூ வேண்டும் என்றாள். நீ அவளுக்குப் பூவின் வாயைத் திறந்து காட்டினாய். அவள் தானும் அமுக்கிப் பார்த்தாள், கனநேரம் அதையே செய்துகொண்டு நின்றாள். பாத்தி முழுவதையும் அவளுக்கே தருவதாக நீ வாக்குக் கொடுத்தாய்.

பொங்கலுக்கு அடுத்த நாள் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. குளம் நிறைந்து வான் பாய்ந்து, வயல் தண்ணீர் வாய்க்காலை மேவிப் பாத்திக்குள் வந்தது. மொட்டு விட்ட செடிகள் சரியத் தொடங்கின. நாங்கள் இருவரும் முழங்கால் தண்ணீரில் நின்று வரம்பை வெட்டிவிட்டோம். தடி ஊன்றி வலையை இழுத்துக் கட்டினோம். உன் குதிக்கால் வெடித்திருந்தது. செருப்புப் போட்டால் சேற்றில் வழுக்குகிறது என்று கழற்றிவிட்டாய்.

வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் குளிசை கொடுத்தார்கள். நான் போய் இருவருக்கும் வாங்கி வந்தேன். நான் விழுங்கினேன். வயிற்றைப் பிரட்டுகிறது என்று நீ உன்னுடையதை அலுமாரித் தட்டில் வைத்தாய். அதை நான் கண்டேன். விழுங்கு என்று ஒரு தரம் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்லவில்லை.

காய்ச்சல் வந்தபோது நீ அதை மழைக் காய்ச்சல் என்றாய். நாலாம் நாள் உன் கண் மஞ்சளாக இருந்ததைக் கண்டு ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவர்கள் செய்யக்கூடியதைச் செய்தார்கள். உன் மகள் வவுனியாவில் இருந்து வந்து உன் பக்கத்தில் இருந்தாள். கடைசியாக நான் வந்த பின்னேரம் உனக்குக் கதைக்கவே களைத்தது. நீ களைத்துக் கதைத்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"அக்கா, எல்லாத்தையும் வெட்டிருங்க. பாதிய விட்டு வைக்காதீங்க. மேடை வெறிச்சுன்னு இருக்கும்."

"நீ வந்து வெட்டு" என்றேன்.

"வாரேன். வராட்டியும் வெட்டிருங்க."

மறுநாள் விடிய நான் கத்தரிக்கோலோடு பாத்திக்குள் நின்றபோது போன் அடித்தது. உன் மகள். அம்மா போயிட்டா என்றாள். நான் ஓம் என்றேன். உடம்பைப் பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவருவோம் என்றாள். அதற்கும் ஓம் என்றேன். போனை இடுப்பில் செருகிக்கொண்டு விட்ட இடத்தில் இருந்து வெட்டத் தொடங்கினேன். இதில் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. அடியில் மூன்றில் ஒரு பங்கு விரிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தண்டாகப் பார்த்துத்தான் வெட்டினேன். பாத்தி முடிந்தது. பிறகு என் வாசலில் நின்றவற்றையும் வெட்டினேன், நிறம் குறையக்கூடாது என்று. பரலில் தண்ணீர் விட்டு நிமிர்த்தி அடுக்கி, ஓட்டோவில் ஏற்றி, கால்களுக்கு நடுவே அணைத்துப் பிடித்துக்கொண்டு பூநகரிக்குப் போனேன்.

மண்டபத்தில் அந்தப் பெண் கையில் மருதாணியோடு வந்தாள். அடுத்த நாள் கலியாணம். பூவைக் கண்டதும் அவள் முகம் விரிந்தது. பிறகு என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"மற்ற அம்மா வரேல்லையோ?"

"அவா வரேல்லை."

"நாளைக்குக் கட்டாயம் அவாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. ரெண்டு பேரும் வரவேணும்."

"ஓம்" என்றேன். மணவறையில் இரண்டு பக்கமும் பூவை வைக்கும்வரை நின்று பார்த்தேன். நீ சொன்னது சரி, பாதியென்றால் போதாது.

நான் திரும்பி வந்தபோது உன்னைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். வெறும் பரலைப் படலையடியில் இறக்கிவிட்டு உள்ளே வந்தேன். செத்தவீட்டை வைத்துக்கொண்டு கலியாணத்துக்குப் பூக் கொண்டுபோய் வருகிறாள் என்று யாரோ சொன்னது கேட்டது. உன் தலைமாட்டில் உன் மகள் இருந்தாள். உன் நெஞ்சில் கடையில் வாங்கிய ஒரு மாலை கிடந்தது. காலடியில் ஒரு பிளாஸ்டிக் வளையம். அவள் என் வெறுங்கையைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் குடுத்திட்டீங்களோ பெரியம்மா?"

"ஓம்."

"அம்மாவுக்கெண்டு ஒண்டும் வைக்கேல்லையோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விடியலில் இருந்து அந்த நேரம் வரை, உனக்கும் பூ வேண்டும் என்பது எனக்கு ஒரு தரமும் தோன்றவில்லை. நீ செத்துவிட்டாய் என்று தெரியும். வெட்டியது உன் பூ என்றும் தெரியும். இரண்டும் என் தலைக்குள் ஒன்றோடொன்று சேரவில்லை. இல்லை என்று சொன்னேன். அவள் அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. மறுநாள் காலையில் உன்னை எடுத்தார்கள். பூநகரியில் அந்த நேரம் தாலி கட்டியிருப்பார்கள்.

வெட்டிய கட்டைகளில் இருந்து பக்கக் கிளைகள் வந்தன. நான் தண்ணீர் ஊற்றினேன், அவ்வளவுதான். உன் முப்பத்தோராம் நாளுக்கு முதல் நாள் மகள் வந்து பாத்தியின் கரையில் நின்றாள். தண்டுகள் கட்டை, கடைக்காரர் எடுக்கமாட்டார். எதை வெட்டலாம் என்று கேட்டாள். காட்டினேன். அவள் வெட்டினாள், நான் பரலைப் பிடித்தேன். உன் படத்துக்கு முன்னால் அவற்றை வைத்துவிட்டு, உதிர்ந்த இதழ்களைப் பொறுக்கினாள்.

"அம்மா செத்தவீட்டுக்கு ஒரு பூவும் குடுத்ததில்லைத்தானே, பெரியம்மா" என்றாள்.

எனக்கு வழி விடுகிறாள் என்று தெரிந்தது. ஆனால் அது உண்மை அல்ல. "நான் அதை நினைச்சுச் செய்யேல்லைப் பிள்ளை. எனக்கு நினைவே வரேல்லை" என்றேன். அவள் தலையாட்டினாள். எழும்பி எனக்குச் சோறு போட்டாள். பங்குனியில் வீட்டைப் பூட்டி, திறப்பை என்னிடம் தந்துவிட்டு வவுனியாவுக்குப் போனாள்.

திறப்பு கையில் இருந்ததால் ஒரு நாள் உன் கோடிப்பக்கம் போனேன். பாம்பு எதுவும் இல்லை. நீ விதைக்கு விட்ட செடிகள் காய்ந்து நின்றன. காய்ந்த காய் ஒவ்வொன்றிலும் மூன்று துளைகள். மேலே இரண்டு கண், கீழே ஒரு வாய். ஒரு தண்டில் பத்துப் பதினைந்தாக, சின்னச் சின்ன மண்டையோடுகள். முகாமில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், கரையில் நான் கண்டதை உனக்குச் சொல்லியிருந்தேன். நீ அன்றைக்கு மட்டும் கதைக்காமல் கேட்டாய். அதனால்தான் நாலு மாரியும் வாடிய தண்டை என் கண்ணில் பட முன்னம் வெட்டி எறிந்திருக்கிறாய். பாம்பு திரிகிறது என்றதும், செடி களைத்துப்போகும் என்றதும் எனக்காகத்தான்.

எனக்குப் பயம் வரவில்லை. அதை நீ அறிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். ஒரு காயை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டினேன். கண்களுக்குள்ளால் விதை கொட்டியது. எல்லாவற்றையும் தட்டி எடுத்து, ஒரு கடித உறையில் போட்டு உன் மகளுக்குப் பாதி அனுப்பினேன். வவுனியாவில் அது வருமோ தெரியாது.

போன கிழமை ஆஸ்பத்திரியில் பிரஷர் குளிசை வாங்கிக்கொண்டு பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். புத்தகப் பையோடு முன்பின் தெரியாத ஒரு இளம்பெண் ஓடி வந்து பூநகரி பஸ் போய்விட்டதா என்று கேட்டாள்.

"இப்பத்தாங்க போச்சு. அடுத்தது வர நேரமாகும். இப்பிடி வந்து நெழல்ல ஒக்காருங்க" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான், அது உன் பேச்சு என்று என் காதிலேயே விழுந்தது. அவள் பக்கத்தில் இருந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா மலையகப் பக்கமோ? கதை அப்பிடிக் கிடக்குது."

என் தகப்பன் வீட்டு ஆட்களிடம் யாரும் அப்படிக் கேட்டிருந்தால், அதை வசவாக எடுத்து, கேட்டவரை வளவுக்குள் விட்டிருக்கமாட்டார்கள். நானும் ஒரு காலத்தில் அவர்களில் ஒருத்திதான்.

"ஆமா" என்றேன்.

எந்தத் தோட்டம் என்று கேட்டாள். அட்டன் பக்கம் என்று நீ சொல்கிற தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அங்கே பங்களாவைச் சுற்றிப் பாத்திகள் இருக்கும் என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. பஸ் வரும்வரை நான்தான் கதைத்துக்கொண்டிருந்தேன், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.